அளவுகோலுக்கும் ஓர் அளவு வேண்டும்

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "உன் தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா" என்றார். என் தொழில் அளவெடுப்பது. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். அதைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே அளவெடுப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஆனால் இரும்பை அல்ல, பிள்ளைகளை. பள்ளிப் பிள்ளைகளின் கற்கும் திறனையும் புதிதாகச் சிந்திக்கும் திறனையும் நாம் எப்படி அளக்கிறோம் என்பதுதான் விஷயம். இதில் நான் நிபுணன் அல்லன். ஒரு பெரிய தப்பு செய்தவன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

முதலில் என் தொழிலிலிருந்து ஒரே ஒரு சங்கதி. ஒரு பாகத்தின் விட்டம் சரியாக இருக்கிறதா என்று மைக்ரோமீட்டரால் பார்க்கிறோம். அதற்கு முன்னால் அந்த மைக்ரோமீட்டரையே சோதிப்போம். அதே பாகத்தை மூன்று பேரிடம் கொடுத்து, பல தடவை அளக்கச் சொல்வோம். ஆளுக்கு ஆள் அளவு மாறினால் கோளாறு பாகத்தில் இல்லை. கருவியிலோ, பிடிக்கிற கையிலோ இருக்கிறது. கருவியைச் சோதிக்காமல் வேலை செய்தால் நல்ல பாகம் குப்பைக்குப் போகும், கெட்ட பாகம் வண்டிக்குள் போகும். இதை எனக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்தது இதே கல்லூரியின் முதலாமாண்டு இயற்பியல் ஆய்வகம். "வெர்னியரைக் கையிலே எடுத்ததும் ஜீரோ எரர் பாருடா" என்று சார் சொல்வார். தொழிற்சாலையில் அதை ஒரு நாளும் மறந்ததில்லை. ஊரில் மறந்துவிட்டேன்.

மேல்மலையனூரில் நடந்தது

என் சொந்த ஊர் மேல்மலையனூர். செஞ்சியிலிருந்து வளத்தி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும். அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைக்கு வந்திருப்பீர்கள். நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம் பார்க்க வரும் கூட்டத்தில் எங்கள் தெருவில் நாங்களே நடக்க முடியாது. அம்மா அப்பா அங்கேதான் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு வாரக் கடைசியாவது ஊருக்குப் போய்விடுவேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. என்.எம்.எம்.எஸ். என்றால் ஆசிரியர்களுக்கு உடனே தெரியும். 2008இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிற, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கானது. மனத்திறன் பகுதியில் 90 கேள்வி, பாடப் பகுதியில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நிற்பதா தொடர்வதா என்பதை முடிவு செய்யக்கூடிய தொகை அது.

2023இல் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் நானும் சேர்ந்து, எங்கள் வீட்டிலேயே சனி ஞாயிறு இலவசப் பயிற்சி தொடங்கினோம். 43 பிள்ளைகள் வந்தார்கள். திண்ணையிலும் கூடத்திலுமாக 20 பேர்தான் உட்கார முடியும். என்ன செய்வது? என்ஜினீயர் மூளை வேலை செய்தது. 30 கேள்வி, 30 நிமிடம், ஒரு தேர்வு வைத்தேன். முதல் 20 பேரை எடுத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பேனா கொடுத்து அனுப்பிவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது, பாரபட்சம் இல்லாமல் செய்துவிட்டோம் என்று. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குத்தான் தேர்வு விண்ணப்பமும் போடப்பட்டது. நான் இடவசதிக்காகப் போட்ட பட்டியல், யார் படிக்கக்கூடிய பிள்ளை என்கிற பட்டியலாகவே மாறிவிட்டது.

மாசி மாதம் மயானக் கொள்ளைத் திருவிழா. தேர்வு முடிந்துவிட்டிருந்தது. அம்மா எலுமிச்சம்பழ மாலை வாங்கி வரச் சொன்னார்கள். கோயில் பக்கத்தில் ஒரு கடை. ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து நூலில் பழம் கோத்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்த முகம். என் தேர்வில் 31ஆவதாக வந்து பேனா வாங்கிக்கொண்டு போனவள்.

"27 பழத்துல ஒரு மாலை குடும்மா. பழம் என்ன விலை?"

"பழம் நாலு ரூபா சார். நூலும் கட்டுக்கூலியும் முப்பது." நான் 500 ரூபாய்த் தாளை எடுத்து நீட்டுவதற்குள் சொல்லிவிட்டாள்: "நூத்தி முப்பத்தெட்டு. மீதி முந்நூத்தி அறுவத்திரெண்டு."

சுற்றிலும் பம்பைச் சத்தம். நாலு பேர் ஒரே நேரத்தில் விலை கேட்கிறார்கள். இவள் கை மாலை கோக்கிறது, வாய் கணக்குச் சொல்கிறது. "எப்படிம்மா போட்டே?" என்று கேட்டேன். "இருவத்தஞ்சு பழம் நூறு. ரெண்டு பழம் எட்டு. முப்பதைச் சேர்த்தா வந்துடும்" என்றாள். இருபத்தைந்து நாலு நூறு என்று பிடித்துக்கொண்டு போவதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்த குறுக்கு வழி அது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடையில் கிடந்த அட்டைத் துண்டில் 27, அதன் கீழே 4, பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். யோசித்து யோசித்து எழுதினாள்: 828.

"இப்பத்தான் 27 பழம் 108ன்னு சொன்னே. இங்கே 828ன்னு எழுதறியே?"

அவள் சிரித்தாள். "அது பழம் சார், இது கணக்கு."

அவள் அம்மா பக்கத்தில் தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்தவர், "பாப்பாவுக்குப் படிப்பு வராது தம்பி. கடையிலேதான் கெட்டி. நீங்களே எடுக்கலியே! ஒன்பதாவதோட நிறுத்திடலாம்னு இருக்கோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் வாக்கை மதித்துச் சொன்னார். படித்தவன், என்ஜினீயர், சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்கிற மதிப்பு. மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த 828 என்ன சொல்கிறது?

அன்றிரவு அந்த அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு நாலு 28 என்று அவளுக்குத் தெரிகிறது. இரண்டு நாலு 8 என்றும் தெரிகிறது. 28இல் உள்ள 2, இரண்டு பத்துகள். அதைப் பத்தின் இடத்தில் இருக்கும் 8உடன் கூட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. மூன்று காரியத்தில் இரண்டு சரி, ஒன்று தவறு. அந்த ஒன்றை யாராவது கவனித்திருந்தால் சில நாள் வேலை. ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அந்த விடைக்குக் கிடைத்தது ஒரு சிவப்புப் பெருக்கல் குறிதான். நானும் அதையேதான் போட்டேன். விடைத்தாளைத் திருத்தினேனே தவிர, படிக்கவில்லை.

பிறகுதான் இதைப் பற்றிப் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். 1985இல் பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் தெருவில் காய்கனி விற்கும் சிறுவர்களைச் சோதித்தார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் சுமார் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளைக் காகிதத்தில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சுமார் 37 சதவீதம்தான் சரி. ஒரு பையனிடம், ஒன்று 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். நாமென்றால் ஒரு பூஜ்யம் சேர்ப்போம். அவனோ மூன்று தேங்காய் 105 என்று பிடித்துக்கொண்டு, அதைக் கூட்டிக் கூட்டி 350க்கு வந்தான். எங்கள் ஊர் எலுமிச்சம்பழக் கணக்கு மாதிரியே இல்லையா?

2025இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு நம் நாட்டையே பற்றியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைச் சோதித்தார்கள். சந்தைப் பிள்ளைகள் சிக்கலான விற்பனைக் கணக்கை மனத்திலேயே போடுகிறார்கள், ஆனால் பள்ளிக்கூடக் கணக்கில் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் பள்ளிக்கூடக் கணக்கில் தேவலை, சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். ஆக, ஒரு பக்கத் திறமை தானாக மறுபக்கம் போவதில்லை. நடுவில் யாராவது பாலம் போட வேண்டும்.

இந்த அளவெடுப்புக்கு ஆதி கர்த்தா பிரான்ஸ் நாட்டு ஆல்ஃப்ரெட் பினே. 1905இல் தியோடர் சிமோன் என்பவருடன் சேர்ந்து முதல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கினார். எதற்காக? எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதற்காக. அறிவு என்பது மாறாத ஒரு அளவு என்ற எண்ணத்தை அவரே எதிர்த்தார். 1911இல் அவர் இறந்த பிறகு அந்தச் சோதனை அமெரிக்காவுக்குப் போய், பிள்ளைகளின் தலையில் ஒரு எண்ணை ஒட்டும் கருவியாகிவிட்டது. உதவி தேவைப்படுகிறவனைக் கண்டுபிடிக்க வந்த கருவி, அவனை வெளியே தள்ளும் கருவியானது. என் வீட்டுத் திண்ணையில் நான் செய்ததும் அதுதான்.

கோட்டை மேல் ஒரு கேள்வி

சரி, கணக்கில் தப்பு செய்தோம், சிந்தனைத் திறனையாவது சரியாக அளப்போம் என்று அடுத்த முயற்சியில் இறங்கினேன். இந்தத் துறைக்கு வழி திறந்தவர் கில்ஃபோர்டு. 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக அவர் ஆற்றிய உரையில் இந்தப் பொருளைக் கையில் எடுத்தார். பின்னர் 1966இல் டாரன்ஸ் தம் சோதனைகளை வெளியிட்டார். ஒரே விடை இல்லாத கேள்வியைக் கேட்பார்கள். எத்தனை விடை சொல்கிறான், எத்தனை விதமாகச் சொல்கிறான், மற்றவர் சொல்லாததைச் சொல்கிறானா, சொன்னதை எவ்வளவு விரிவாக்குகிறான் என்று நான்கு கோணத்தில் மதிப்பிடுவார்கள். சரளம், நெகிழ்வு, தனித்துவம், விரிவாக்கம் என்று தமிழில் சொல்கிறார்கள்.

பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போனோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதே, அதே கோட்டைதான். நாங்கள் போனது அதற்கு முந்தைய ஆண்டு. ராஜகிரி மேல் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்ததும் கேள்வியைப் போட்டேன். "1690இல் தொடங்கி சுமார் எட்டு வருஷம் மொகலாயப் படை இந்தக் கோட்டையைச் சுற்றி நின்னுச்சு. உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம். உள்ளே இருந்தவங்க தண்ணிக்கு என்ன பண்ணியிருப்பாங்க? எத்தனை வழி தோணுதோ சொல்லுங்க."

விடைகள் கொட்டின. பாறைக் குழியில் மழைத்தண்ணி பிடிச்சிருப்பாங்க. வெயிலுக்கு வத்தாம பனையோலை போட்டு மூடியிருப்பாங்க. ராத்திரியிலே கீழே வந்து தோல்பையிலே மொண்டுக்கிட்டுப் போயிருப்பாங்க. மழை வர்ற வரைக்கும் யாரும் குளிச்சிருக்க மாட்டாங்க. மல்லாட்டைக்குத் தண்ணி பாய்ச்சும் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, தண்ணீர் என்றால் யோசனைக்குப் பஞ்சமில்லை.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் பதிலே சொல்லவில்லை. என்னைத் திருப்பிக் கேட்டான்: "மேலே இருக்கறவங்க எப்படியோ பொழைச்சிருப்பாங்க. கீழே எட்டு வருஷம் நின்னாங்களே, அவங்களுக்கு யாரு சோறு போட்டது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று அவனுக்கு மதிப்பெண் எதுவும் போடவில்லை. வீட்டுக்கு வந்து செஞ்சி வரலாற்றைப் புரட்டினால் தூக்கிவாரிப் போட்டது. அந்த முற்றுகையில் பசியில் வாடியது முற்றுகையிட்ட மொகலாயப் படை. சாந்தாஜி, தனாஜி என்ற மராட்டியத் தளபதிகள் அவர்களுக்கு வரும் தானியத்தை மறித்துத் திணறடித்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் வரலாற்றின் மர்ம ஸ்தானத்தில் விரலை வைத்திருக்கிறான். என் மதிப்பெண் தாளில் அவனுக்குப் பூஜ்யம். இரண்டாவது தடவையும் கருவி தவறிவிட்டது. கருவி என்றால் வேறு யார், நான்தான்.

நாடு செய்கிற முயற்சிகள்

இது என் ஒருவனுடைய தடுமாற்றம் அல்ல. பி.சா. என்ற பன்னாட்டுச் சோதனைச் சுற்றில், 2009இன் தொடர்ச்சியாக, தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டு கடைசியை ஒட்டிய இடங்களைப் பிடித்தன. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அப்போது சொல்லப்பட்டது. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு, முழு நியாயம் இல்லை. 2022 சுற்றில் அதே அமைப்பு ஆக்கச் சிந்தனையையும் சேர்த்து அளந்தது. சிங்கப்பூர் முதலிடம். இந்தியா கலந்துகொள்ளவில்லை.

நம் மாநிலத்தில் முயற்சிகளுக்குக் குறைவில்லை. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாகக் கற்றல் ஏணியில் ஏறும். 2012இல் முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த நாற்பதுக்கான செயல்திட்டத்தை எத்தனை வீட்டில் அப்பா அம்மா செய்து கொடுத்தார்கள் என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோரைக் கேட்டால் தெரியும்! 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி எங்கள் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு அந்தப் பெயர்கள் பிடித்திருக்கின்றன. அரும்பைப் பார்த்து யாரும் 'பெயில்' என்று சொல்வதில்லை. ஆனால் வாரக்கணக்கில் அரும்பிலேயே ஒரு பிள்ளையை உட்கார வைத்துவிட்டால் அதுவும் வேறு பெயரில் மக்கு என்பதுதான்.

எங்களோடு இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் இதையெல்லாம் புலம்பினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, 40 பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தனையும் எப்படிச் செஞ்சேன்னு கேக்க வாத்தியாருக்கு நேரம் ஏது? உனக்கு இருந்தது. நீ கேக்கல." இதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மதிப்பெண்ணே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அளவெடுத்துச் சாப்பிடுகிறவன் அப்படிச் சொல்லக் கூடாது. அளக்காமல் விட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெருக்கல் வரவில்லை என்பதே வெளியே தெரியாது. ஆனால் அளந்து முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோமே, அங்கேதான் கோளாறு. தொழிற்சாலையில் ஒரு பாகம் அளவு தவறினால் எந்த இயந்திரத்தில், எந்த இடத்தில் தவறியது என்று தேடிப் போவோம். பிள்ளை விஷயத்தில் பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறோம்.

நான் கேட்டுக்கொள்வது

நம் சங்கம் ஆண்டுதோறும் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் முதல் மதிப்பெண் பெறுகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கிறது. நல்ல காரியம், நடக்கட்டும். அதோடு இதையும் செய்யலாம் என்பது என் விண்ணப்பம். ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவரவர் ஊர்ப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் அனுமதியோடு போங்கள். பாடம் நடத்த வேண்டாம். தவறாக விடை எழுதிய ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிச் செஞ்சே?" என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். கேட்டதை எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். 98 வாங்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையையும் இதே கேள்வி கேட்டுப் பாருங்கள். சில சமயம் அதிர்ச்சி அங்கேயும் காத்திருக்கும்.

எங்கள் வகுப்பில் இப்போது தேர்வு வைத்து ஆள் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக் களத்தில் பாய் விரித்து, வருகிற அத்தனை பேரும் உட்காருகிறார்கள். விண்ணப்பம் போடத் தகுதி உள்ள எல்லாருக்கும் போடச் சொல்கிறோம்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அவள் அம்மாவிடம் நாலு தடவை போய், "தப்பு பாப்பா மேலே இல்லைம்மா, என் கேள்வித்தாள் மேலே" என்று சொன்னேன். முதல் மூன்று தடவை நம்பவில்லை. பழக்கூடையிலிருந்து பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து, 27 நாலு தடவை அடுக்கிக் காட்டி, எட்டுப் பத்தும் இருபத்தெட்டும் எப்படி 108 ஆகிறது என்று அவளையே எழுதச் சொன்னோம். மூன்று வாரம் ஆயிற்று. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். அமாவாசைக்கு இன்னமும் கடையில்தான் உட்காருகிறாள்.

ஆனால் அந்த 48,000 ரூபாய் போனது போனதுதான். எட்டாம் வகுப்பில் மட்டும் எழுதக்கூடிய தேர்வு அது. ஒரு நாள் அவளே கேட்டாள்: "அன்னிக்கு மாலை வாங்கறப்போ கேட்டீங்களே, எப்படிப் போட்டேன்னு. அதை முதல்லயே கேட்டிருக்கலாம்ல சார்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை உங்களிடமும் கொடுத்துவிட்டு உட்காருகிறேன்.